முதல் மட்டை எது? சின்னப் பிள்ளைகளுக்கான கோல்ஃப் கருவிகள், டர்பன் புல்லில் ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோல்ஃப் ஆடும் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. தாத்தா ஓரங்கட்டிவிட்ட ஏழாம் எண் அயர்ன் (உலோகத் தலை) மட்டையைக் கராஜிலிருந்து எடுப்பார்கள். இரும்பறுக்கும் ரம்பத்தால் பாதியாக அறுத்து, முனையில் கறுப்பு டேப்பைச் சுற்றி, நாலு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவார்கள். காசு மிச்சம், பழைய பொருளுக்கும் மறுவாழ்வு. பிளாஸ்டிக் பொம்மை செட், தொடக்கக்காரர்களுக்கான ஸ்நாக் (SNAG) செட், உயரத்துக்கேற்ற ஜூனியர் செட், அறுத்த மட்டை என்று இந்த நான்கையும் வரிசைப்படுத்தச் சொன்னால் கடைசி இடம் இந்த அறுத்த மட்டைக்குத்தான். நாலாவது இடம்கூட இல்லை, வரிசைக்கே வெளியே.

கணக்கைப் பாருங்கள். பெரியவர்களுடைய ஏழாம் எண் அயர்ன் ஏறக்குறைய 37 அங்குல நீளம். தலை மட்டும் 270 கிராம் அளவில் இருக்கும், எஃகுத் தண்டு 120 கிராம், கைப்பிடி ரப்பர் 50 கிராம். அதை 60 சென்டிமீட்டராக அறுத்தால் குறைவது தண்டில் 40 கிராம்தான். தலை அப்படியே இருக்கிறது. ஆக 400 கிராம். நாலு வயதுப் பிள்ளையின் எடை 16 கிலோ என்று வையுங்கள். 80 கிலோ ஆளின் கையில் 2 கிலோ மட்டையைக் கொடுத்து ஆடச் சொல்வதும் இதுவும் ஒன்று. அந்த ஆள் என்ன செய்வார்? உடம்பைப் பின்னால் சாய்த்து, முழங்கையை மடக்கி, மண்வெட்டி போலத் தூக்கிப் போடுவார். பிள்ளையும் அதையேதான் செய்கிறது. நாம் அதைப் பார்த்து "தலையைத் தூக்காதே", "கையை நீட்டு" என்று திருத்திக்கொண்டிருக்கிறோம். திருத்த வேண்டியது பிள்ளையை அல்ல.

எடை ஒன்று மட்டுமல்ல. தண்டு குட்டையானால் விறைப்பு கூடிவிடும், வளைந்து கொடுக்காது. பெரியவர்களுக்கான ரப்பர் பிடி சின்ன விரல்களுக்குத் தடியானது. விரல்கள் சுற்றி வராததால் பிள்ளை உள்ளங்கையால் பற்றுகிறது. உள்ளங்கையால் பற்றினால் மணிக்கட்டு மடங்காது, மணிக்கட்டு மடங்காவிட்டால் வீச்சு தோளிலிருந்து வரும் தள்ளலாகத் தேய்ந்துவிடும். ஆறு மாதம் இப்படி ஆடிய பிள்ளையிடம் சரியான மட்டையைக் கொடுத்தாலும் கை அந்தத் தள்ளலை விடாது. கோல்ஃப் பயிற்சியாளர்கள் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளிடம் மெனக்கெட்டு அழிக்கும் பழக்கங்களில் பாதி இப்படி வந்தவைதான்.

சரியான அளவை எப்படிப் பார்ப்பது?

கடையில் போய் நின்றதும் முதல் கேள்வி "பிள்ளைக்கு என்ன வயசு?" என்பதாக இருந்தால் அந்தக் கடையில் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். கேட்க வேண்டியது உயரம். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே 12 சென்டிமீட்டர் வித்தியாசம் இருப்பது சாதாரணம். யூ.எஸ். கிட்ஸ் கோல்ஃப் நிறுவனம் இதில் தெளிவான முறை வைத்திருக்கிறது. மட்டையின் அளவு எண்ணே பிள்ளையின் உயரத்தை அங்குலத்தில் சொல்லிவிடும். 39, 42, 45, 48 என்று மூன்று மூன்று அங்குலமாக ஏறிக்கொண்டே போகும். 42 என்று போட்டிருந்தால் 42 அங்குலத்திலிருந்து 45 அங்குலம்வரை, அதாவது சுமார் 107 முதல் 114 சென்டிமீட்டர்வரை உள்ள பிள்ளைக்கு. வீட்டில் சுவரோரம் வெறுங்காலோடு நிறுத்தி அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். தலைமுடிக் கொண்டையையும் சேர்த்து அளந்துவிடாதீர்கள். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்தத் தவறு நடக்கிறது.

வேறு எந்த நிறுவனத்தின் மட்டையாக இருந்தாலும் இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, பிள்ளை மட்டையின் பிடி முனையை ஒரு கையால் பற்றி, கையை நேராக முன்னால் நீட்டி, மட்டையைத் தரைக்குச் சமமாகப் பிடிக்கட்டும். நீங்கள் ஐந்து எண்ணுங்கள். மூன்று எண்ணுவதற்குள் தலை சாய்ந்துவிட்டால் அது பாரமான மட்டை. இரண்டாவது, பந்தை அடிக்க நிற்பது போல நிற்கச் சொல்லுங்கள். மேல் கைக்கு மேலே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிடியின் அளவைப் பாருங்கள். இரண்டு விரல் அகலம் இருந்தால் நல்லது. நாலு விரல் அகலத்தைத் தாண்டினால் அந்த முனை வீசும்போதெல்லாம் வயிற்றில் இடிக்கும், பிள்ளை அதைத் தவிர்க்கத் தன்னையறியாமல் பின்னால் நகரும், பந்து மட்டையின் நுனியில் படும்.

பள்ளிச் சீருடையை ஒரு அளவு பெரிதாக வாங்குகிற நம் வழக்கம் இங்கேயும் எட்டிப் பார்க்கும். ஒரே ஒரு அளவு பெரிது என்றால் பரவாயில்லை, கீழே இறக்கிப் பிடித்து ஆடலாம். இரண்டு அளவு பெரிது வாங்குவதை அறுத்த மட்டையின் சித்தப்பா என்று சொல்லலாம்.

பிளாஸ்டிக் பொம்மை செட்

சூப்பர்மார்க்கெட்டின் பொம்மை வரிசையில் தொங்கும் செட்டுகள் இவை. இரண்டு மூன்று மட்டை, ஒரு குட்டித் தள்ளுவண்டி, எலுமிச்சம்பழ அளவில் பந்துகள். இரண்டு வயது முதல் நாலு வயதுவரை இதைவிட நல்ல கருவி கிடையாது. கோல்ஃப் தெரிந்தவர்கள் இதைக் கேவலமாகப் பார்ப்பதில் நியாயம் இல்லை. தலை பெரியது, பந்து பெரியது, பத்தில் ஏழு தடவை பட்டுவிடும். அந்த வயதில் வேண்டியது அதுதான்.

வாங்கும்போது தலையும் தண்டும் சேரும் இடத்தைப் பாருங்கள். தலையைப் பிடித்துத் திருகினால் சுழலக் கூடாது. சுழன்றால் இரண்டாவது வாரம் தலை கழன்று பறக்கும். அது பந்தைவிட ஆபத்து. உள்ளே கூடான பிளாஸ்டிக் தண்டு வெயிலில் கிடந்தால் ஒரு கோடைகாலத்தில் நொறுங்கிப்போகும். டர்பனில் பிப்ரவரி மாதத்து வெயிலில் முற்றத்தில் விட்டுவைத்த செட் மார்ச்சில் உதவாது. பந்தைக் குழிக்கு உருட்டும் பட்டர் மட்டைக்கு இரண்டு பக்கமும் தட்டையான முகம் இருந்தால் விடாமல் வாங்குங்கள். பிள்ளை வலக்கையா இடக்கையா என்று கண்டுபிடிக்க அது உதவும். பந்தைக் காலுக்கு நடுவே வைத்து, ஒன்றும் சொல்லாமல் பத்துப் பந்து தள்ள விட்டால், ஏழெட்டுப் பந்து ஒரே பக்கமாகப் போகும். அதுதான் அந்தப் பிள்ளையின் பக்கம். பேனா பிடிக்கும் கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். வலக்கையால் எழுதிக்கொண்டு கிரிக்கெட்டில் இடப்பக்கமாக நின்று அடிப்பவர்கள் எத்தனை பேர்!

ஸ்நாக்

கோல்ஃபைத் தொடங்குகிறவர்களுக்காகவே உருவாக்கிய தொகுப்பு இது. இதில் மட்டை இரண்டே வகை. தூக்கி அடிக்க லாஞ்சர், உருட்ட ரோலர். இரண்டுக்கும் தலை பெரிய பிளாஸ்டிக்கில். பந்து டென்னிஸ் பந்து போல மேலே மயிருள்ளது. குழிக்குப் பதிலாக ஃப்ளாக்ஸ்டிக்கி என்று ஒரு நிற்கும் இலக்கு. அதன் மேல் வெல்க்ரோ போன்ற பரப்பு. பந்து போய்ப் பட்டால் ஒட்டிக்கொள்ளும். லாஞ்சரால் அடிக்கப் பந்தை வைக்கத் தனிப் பாயும் கூடவே வரும்.

பந்து ஒட்டுகிறதே, அதுதான் இந்தத் தொகுப்பின் உயிர். நாலு வயதுப் பிள்ளைக்குக் குழிக்குள் பந்து விழுவது கண்ணுக்குத் தெரியாத சங்கதி. ஒட்டிக்கொண்டு நிற்கும் பந்து அப்படியில்லை, ஓடிப் போய்ப் பிய்த்து எடுக்கலாம். "ப்ர்ர்" என்று ஒரு சத்தமும் வரும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தடவை அடிக்கும்.

குறைகள் உண்டு. நம் ஊரில் கிக்குயூ புல். அறுத்த புல்லின் துணுக்குகள் ஈரத்தோடு வெல்க்ரோவில் ஏறி அடைத்துக்கொள்ளும். நாலு வாரத்தில் பந்து ஒட்டாமல் வழுக்கி விழத் தொடங்கும். பழைய சீப்பு அல்லது கடினமான பல் துலக்கும் பிரஷால் வாராவாரம் சுரண்டிவிட வேண்டும். நனைந்த பந்து பாரமாகிவிடும், அது காய ஒரு நாள் பிடிக்கும், அதனால் மழை நாளில் வெளியே எடுக்காதீர்கள். மயிர் உள்ள பந்து தடித்த புல்லில் உருளாது. ரோலரைச் சிமெண்டுத் தரையிலோ கோயில் மண்டபத்திலோ பயன்படுத்துவதே சரி. விலையைப் பார்த்தால் ஒரு வீட்டுக்கு மட்டும் வாங்குவது அதிகம். ஆறு முதல் பத்துப் பிள்ளைகள் சேரும் இடத்துக்கு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கோ பள்ளிக்கூடத்துக்கோ, சேர்ந்து காசு போட்டு வாங்கினால் பொருந்தும்.

இன்னொன்று. லாஞ்சரின் முகம் அகலமானது, எங்கே பட்டாலும் பந்து கிளம்பும். அதிலேயே ஒரு வருடம் இருந்துவிட்டால் பிள்ளையின் கண் பந்தின் நடுவைத் தேடப் பழகாது. மூன்று மாதம் ஆனதும் சின்னத் தலையுள்ள நிஜ மட்டையையும் கூடவே கொடுங்கள். ஸ்நாக்கை முழுதாக நிறுத்த வேண்டியதில்லை. எட்டு வயதுக்காரர்களும் அதை விரும்பி ஆடுவார்கள்.

உயரத்துக்கேற்ற ஜூனியர் செட்

ஐந்து வயதிலிருந்து இதுதான் நம் தேர்வு. ஆனால் செட் என்றதும் பத்து மட்டை வேண்டாம். விதிப்படி ஒரு ஆட்டக்காரர் 14 மட்டை வைத்துக்கொள்ளலாம். ஐந்து வயதுக்கு மூன்று போதும். ஒரு பட்டர், எட்டு அல்லது ஒன்பதாம் எண் அயர்ன் ஒன்று, தூரம் அடிக்க, முகத்தில் நல்ல சாய்வுள்ள ஒரு ஃபேர்வே வுட். மிக அதிக தூரம் அடிக்கும் டிரைவர் மட்டை வேண்டாம். டிரைவரின் முகம் செங்குத்தாக இருக்கும், பந்தை மேலே தூக்க வேகம் வேண்டும், அந்த வேகம் இந்த வயதுக் கையில் இல்லை. பந்து தரையோடு ஊர்ந்து போகும். அதைப் பார்த்த பிள்ளை அடுத்த தடவை பந்தைத் தூக்கிவிடப் பார்த்துத் தன் உடம்பைத் தூக்கும். ஃபேர்வே வுட் அதே நீள வீச்சில் பந்தைக் காற்றில் ஏற்றிவிடும். பளபளவென்று பெரிய தலையோடு இருக்கும் டிரைவர்தான் செட்டின் அட்டைப்படத்தில் முன்னால் நிற்கும் என்பது வேறு விஷயம்.

பையைத் தனியாகச் சோதியுங்கள். இரண்டு தோளிலும் மாட்டும் பட்டை வேண்டும், காலூன்றி நிற்கும் வகையாக இருக்க வேண்டும். அந்தக் கால்கள்தான் முதலில் உடையும். கால்களை விரிக்கும் கம்பி பிளாஸ்டிக் மூட்டில் முடிந்தால் ஒரு பருவம் தாங்குவதே பெரிது. பைக்குள் பிள்ளை போடும் கல், பந்து, பாதி தின்ற ஆப்பிள் எல்லாம் சேர்ந்து மட்டைகளைவிடப் பாரமாகிவிடும், மாதம் ஒரு முறை கவிழ்த்துக் கொட்டுங்கள்.

கையுறை தேவையில்லை. பிப்ரவரி வேர்வையில் பிடி வழுக்கினால் ஒரு துவாலையைப் பையில் கட்டிவிடுங்கள். ஆணிச் சப்பாத்தும் வேண்டாம், பள்ளிக்குப் போடும் டக்கீஸ் (துணிச் சப்பாத்து) போதும். அகல விளிம்புள்ள தொப்பிக்கு மட்டும் செலவு செய்யுங்கள். கேப் தொப்பி காதையும் கழுத்தையும் காக்காது.

இடப்பக்கம் ஆடும் பிள்ளைகளுக்கு ஜூனியர் அளவில் தேர்வு குறைவு. "இப்போதைக்கு வலப்பக்க மட்டையில் பழகட்டும்" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். ஆர்டர் கொடுத்துக் காத்திருக்கும் வாரங்களில் இரண்டு பக்கமும் தட்டும் பிளாஸ்டிக் பட்டர் போதும்.

பந்துகள்

நிஜக் கோல்ஃப் பந்து 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. அவ்வளவு சின்னதும் அவ்வளவு கனமுமான ஒன்றை, இரண்டு வீடுகளுக்கு ஒரே சுவர் உள்ள சாட்ஸ்வர்த் முற்றத்தில் ஒரு தடவைகூட அடிக்கக் கூடாது. அடுத்த வீட்டு ஜன்னலை விடுங்கள், சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் முகத்துக்குத்தான் வரும்.

ஃபோம் பந்துதான் முற்றத்துக்கு. பெரியவர் ஓங்கி அடித்தாலும் 30, 40 மீட்டரைத் தாண்டாது. ஆனால் வடகிழக்குக் காற்று வீசும் மத்தியானங்களில் அது பறவை மாதிரி போய்விடும், எங்கே அடித்தோம் என்று பிள்ளைக்குத் தெரியாது. காலையில் ஆடுங்கள். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து மலிவு, ஆனால் வெயிலில் விரிசல் விடும், விரிந்த ஓரம் காலைக் கிழிக்கும். பழைய டென்னிஸ் பந்துகள் பட்டர் பழகச் சிறந்தவை. சிமெண்டில் கோல்ஃப் பந்து ஓடிக்கொண்டே இருக்கும், டென்னிஸ் பந்து நிற்கும்.

ஃபோம் பந்து ஒரு பொய் சொல்லும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது லேசு, அதனால் கிக்குயூ புல்லின் மேலேயே உட்கார்ந்திருக்கும். நிஜப் பந்தோ புல்லுக்குள் இறங்கி முட்டை மாதிரி படுத்துக்கொள்ளும். கிக்குயூவின் கொடிகள் மட்டையின் கழுத்தைப் பிடித்துத் திருப்பிவிடும். பெரியவர்களுக்கே கை வலிக்கும் விஷயம் இது. ஆகவே எட்டு வயதுவரை, அயர்ன் மட்டையானாலும், பந்தைத் தரையிலிருந்து உயர்த்தி நிறுத்தும் டீ மேல் வைத்தே அடிக்க விடுங்கள். மரக்குச்சி டீ காய்ந்த மண்ணில் இறங்காது. பழைய தோட்டக் குழாயை 2 அல்லது 3 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி நிறுத்தினால் அதுவே டீ. பத்துத் துண்டு நறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், எட்டு தொலையும்.

எங்கே தொடங்குவது

பெரும்பாலானவர்கள் பிள்ளையை நேராக டிரைவிங் ரேஞ்சுக்கு அழைத்துப் போய் ஒரு கூடைப் பந்தை வாங்கிக் கொடுக்கிறார்கள். தூரம் அடிக்கும் இடம் அது. பக்கத்துத் தடுப்பில் நிற்பவர் 200 மீட்டர் அடிப்பார், பிள்ளை அடிப்பது 15 மீட்டர். பதினைந்து நிமிடத்தில் பந்தை விட்டுவிட்டுக் கூடையோடு விளையாடத் தொடங்கிவிடும். ரேஞ்சின் தடித்த பச்சைப் பாயும் சரியில்லை. பந்துக்குப் பின்னால் தரையில் பட்டாலும் மட்டை வழுக்கிப் போய்ப் பந்தைத் தொட்டுவிடும், தவறு தெரியாது.

குழியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். விதிப்படி குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். 900 கிராம் பால்மாவு டின்னின் வாய் அதைவிடச் சற்றுப் பெரியது. அதைக் கிடத்தி வையுங்கள். முதலில் ஒரு அடி தூரம். ஐந்துக்கு நாலு விழுந்தால் இரண்டடி. பிறகு நாலடி. தவறினால் ஒரு படி முன்னால் வர வேண்டும், பின்னால் போகக் கூடாது. கோலி குண்டு ஆடிய தாத்தாக்களுக்கு இந்த ஏற்பாடு விளக்காமலே புரியும். புல்லில் இலக்கு வேண்டுமானால் அரிசிக் கோலமாவால் மூன்று வட்டங்கள் போடுங்கள், உள்வட்டத்துக்கு மூன்று மதிப்பெண். சுண்ணாம்புத் தூள் வேண்டாம், கண்ணுக்கு ஆகாது. கோலமாவை மறுநாள் எறும்பு தின்றுவிடும், முற்றம் சுத்தம்.

உருட்டல் கைவந்ததும் சின்னத் தட்டல், அதற்கும் பிறகுதான் முழு வீச்சு. முழு வீச்சுக்குப் பிள்ளையிடம் உடற்கூறு பாடம் நடத்தாதீர்கள். விளக்குமாற்றால் வாசல் பெருக்குவது போல ஒரு பக்கமிருந்து மறுபக்கம் என்று காட்டினால் போதும். கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் மட்டையைத் தூக்கி நிறுத்திவிட்டு முன்னால் தள்ளுவார்கள். அவர்களுக்கு இந்தப் பெருக்கல் இரண்டு மடங்கு அவசியம். கிட்டிப்புள் ஆடிய கை இன்னும் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் இன்று கிட்டிப்புள் ஆடும் பிள்ளையை எங்கே தேடுவது?

வேகத்துக்குத் தாளம் வையுங்கள். நல்ல ஆட்டக்காரர்கள் மட்டையைப் பின்னால் எடுத்துப் போக எடுக்கும் நேரம், இறக்கி அடிக்க எடுக்கும் நேரத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. "த-கி-ட" என்று சொல்லிக்கொண்டே பின்னால், "தா" என்னும்போது பந்து. பரதநாட்டிய வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் இதை ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

நாலு வயதுக்கு 20 நிமிடம், ஆறு வயதுக்கு அரை மணி. பிள்ளை "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கும்போதே நிறுத்துங்கள்.

பிடி

ஒருசிலப் பிள்ளைகள் தானாகவே கையை மாற்றிப் பிடிப்பார்கள், மேலே இருக்க வேண்டிய கை கீழே. உடனே அதட்டித் திருத்த வேண்டாம். பாப்வா சேவ்கோலம் அப்படித்தான் பிடித்தார். டர்பனில் பீச்வுட் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடியாக இருந்தவர், டச்சு ஓபனை 1959, 1960, 1964 என்று மூன்று தடவை வென்றவர். 1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓபனையும் வென்றார். நிறவெறிச் சட்டத்தால் கிளப் கட்டடத்துக்குள் அவரை விடவில்லை, வெள்ளையர்கள் உள்ளே இருக்க, அவர் கோப்பையை வெளியே மழையில் நின்று வாங்கினார். 1965-இல் அதே போட்டியில் உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர் கேரி பிளேயரையே வென்றார். ஒரு வீட்டில் பிள்ளையின் "தப்பான பிடி" பற்றிச் சண்டை வந்தால் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

நம் ஆலோசனை, எட்டு வாரம் விட்டுவிடுங்கள். பிறகும் மாறாமல், பந்து நேராகப் போகாமலும் இருந்தால், பட்டருக்கு அப்படியே விட்டுவிட்டு அயர்னுக்கு மட்டும் மாற்றிக் காட்டுங்கள். இரண்டு கைக்கும் நடுவே இடைவெளி விட்டு ஹாக்கி மட்டை போலப் பிடிப்பதை மட்டும் முதல் நாளே திருத்த வேண்டும். அது நிலைத்துவிட்டால் கீழ்க்கை எல்லா வேலையையும் எடுத்துக்கொள்ளும்.

அடிபடாமல்

சின்னப் பிள்ளைகளுக்குக் கோல்ஃபில் வரும் மோசமான காயம் பெரும்பாலும் பந்தால் அல்ல, பக்கத்தில் நிற்கும் இன்னொரு பிள்ளை வீசும் மட்டையால். தலையில், முகத்தில், கண்ணருகில் படும். வீட்டிலும் கோயில் மைதானத்திலும் கயிற்றால் வட்டங்கள் போடுங்கள், ஒரு வட்டத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குப் பெரியவர் எடுத்து வைக்கும் ஐந்து எட்டு தூரம். வட்டத்துக்குள் நிற்பவர் மட்டும் மட்டையைத் தூக்கலாம். வட்டத்தை விட்டு வெளியே வரும்போது மட்டையைக் கீழே வைத்துவிட்டு வர வேண்டும். பந்து பொறுக்கப் போவது எல்லாரும் ஒன்றாக, ஒரு சொல்லுக்கு. "பொறுக்கு" என்று நாம் சொல்லும்வரை யாரும் அசையக் கூடாது. இதை மட்டும் கண்டிப்பாக நடத்துங்கள்.

கோடையில் இடி கேட்டால் கட்டடத்துக்குள். கையில் உலோகத் தண்டோடு வெட்டவெளியில் நிற்கும் ஆட்டம் இது. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் உள்ளவர்கள் கோடையில் மத்தியானத்துக்குள் முடித்துவிடுவது நல்லது, அங்கே மத்தியான இடி கடிகாரம் வைத்தது போல வரும்.

மைதானம்

முதல் நிஜ மைதானமாக பட்-பட் என்னும் மினி கோல்ஃப் போதும். காற்றாலையும் பாலமும் கோல்ஃப் கற்றுத்தரும் என்று சொல்லவில்லை. வரிசையில் நிற்பது, அடுத்தவர் அடிக்கும்போது பேசாமல் இருப்பது, எண்ணிக்கையை ஏமாற்றாமல் சொல்வது ஆகிய மூன்றும் அங்கே வந்துவிடும். அடுத்தது மாஷி. எல்லாக் குழியும் குட்டையாக உள்ள மைதானத்தை இந்த நாட்டில் அப்படித்தான் சொல்கிறோம். ஐந்து வயதில் மாஷியிலும்கூட டீ இடத்திலிருந்து தொடங்க வேண்டாம். குழியைச் சுற்றியுள்ள பச்சைத் தரையிலிருந்து 40, 50 மீட்டரில் பந்தை வையுங்கள். ஒன்பது குழி என்று பிடிவாதம் வேண்டாம், நாலு போதும். எட்டுத் தடவைக்கு மேல் அடிக்க வேண்டி வந்தால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். பின்னால் வருபவர்களும் வாழ்த்துவார்கள்.

பெரிய மைதானமானால் போவதற்கு முன் தொலைபேசியில் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை வயதிலிருந்து அனுமதி, எந்த நேரம் கூட்டம் குறைவு, காலர் வைத்த சட்டை கட்டாயமா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் போய் வாசலிலிருந்து திரும்பியவர்கள் நிறைய. மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கம் போகிறவர்கள் ஈஸ்டர் வாரத்தைத் தவிர்த்துவிடலாம். புனித வெள்ளியன்று மாரியம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் கார் நகராது, எப்படியும் நீங்களும் அங்கேதான் இருப்பீர்கள். ஒன்பதாவது குழி முடிந்ததும் ஹாஃப்வே ஹவுஸ் என்னும் சிற்றுண்டிக் கடையில் நிற்பது நம் நாட்டு வழக்கம், நாலு குழி ஆடிய பிள்ளைக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள். சமோசாவை மூடியுள்ள டப்பாவில் எடுத்துப் போங்கள். டர்பன் மைதானத்துக் குரங்குகள் பையின் ஜிப்பைத் திறக்கும்.

பயிற்சியாளர்

தென்னாப்பிரிக்க பிஜிஏ-யில் (தொழில்முறை கோல்ஃப்காரர்கள் சங்கம்) தகுதி பெற்றவரா என்று கேளுங்கள், ஆனால் அத்தோடு நிறுத்தாதீர்கள். ஒரு வகுப்பைப் பிள்ளை இல்லாமல் போய்ப் பாருங்கள். ஆறு வயதுக்குக் கீழே என்றால் ஒருவருக்கு ஆறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. அரை மணியில் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை பந்து அடித்தது என்று எண்ணுங்கள். முப்பதுக்குக் கீழே என்றால் பிள்ளைகள் வரிசையில் நின்று பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். பயிற்சியாளர் முழங்காலிட்டுப் பிள்ளையின் கண்மட்டத்துக்கு வருகிறாரா என்பது இன்னொரு நல்ல அடையாளம். குழந்தைகளோடு வேலை செய்பவர்களைக் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும் என்பது சட்டம், அந்தச் சான்றைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். செலவு கட்டுப்படியாகாத வீடுகள் தென்னாப்பிரிக்க கோல்ஃப் வளர்ச்சி வாரியத்தின் பயிற்சி தங்கள் பகுதியில் நடக்கிறதா என்று பள்ளியில் விசாரிக்கலாம். வசதி குறைந்த பிள்ளைகளுக்காகவே நடப்பது அது.

பழைய செட்

ஜூனியர் மட்டைகள் தேய்வதற்கு முன்பே பிள்ளை வளர்ந்துவிடும், அதனால் இரண்டாம் கை வாங்குவதில் தவறே இல்லை. மூன்று இடங்களைப் பாருங்கள். பிடி ரப்பரை நகத்தால் அழுத்தினால் மெத்தென்று இருக்க வேண்டும், கண்ணாடி போலப் பளபளத்தால் காய்ந்துவிட்டது, அதை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். கிராஃபைட் தண்டில் குறுக்கே மயிரிழை போலக் கோடு இருந்தால் வாங்காதீர்கள், அது வீச்சின் நடுவில் முறியும். கடலோர ஊர் என்பதால் எஃகுத் தண்டு தலைக்குள் நுழையும் இடத்தில் துருவைத் தேடுங்கள். மேலே உள்ள கறுப்பு வளையத்தைச் சற்று ஏற்றினால் தெரிந்துவிடும்.

வாங்கிய அன்று கதவு நிலையில் பிள்ளையின் உயரத்தைக் கோடு போட்டு, பக்கத்தில் மட்டையின் அளவு எண்ணையும் எழுதிவையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து, கோட்டைவிட 7 அல்லது 8 சென்டிமீட்டர் ஏறியிருந்தால் அடுத்த அளவுக்கான நேரம். அயர்னையும் வுட்டையும் மாற்றுங்கள். பட்டர் இன்னும் ஒரு வருடம் தாங்கும்.